இன்றும் பணிக்கு வந்தார்

அத்தியாயம் 11

இறந்துபோன மனிதர் ஒருவர் தினமும் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று பணிமனை மேலாளர் தொலைபேசியில் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். போன வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அவளுடைய கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். போன மழைக்காலத்தில் ஒரு நாள், வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. சில மாதம் கழித்து அதே பணிமனையில் மூத்த மகனுக்கு வேலை கொடுத்தார்கள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மெக்கானிக்குகளின் விரல் ரேகையெல்லாம் கிரீஸில் மறைந்துபோவதால், அங்கே முகம் பார்த்து வருகைப்பதிவு செய்யும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அந்த இயந்திரம் மகனைப் பார்த்து அப்பா என்று நினைத்துக்கொண்டது. கணக்குப்படி அப்பா ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறார். மகன் வரவே இல்லை.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. குடும்பத்தோடு பணிமனைக்கு வரச் சொல்லியிருந்த நாள் இன்று. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அரை நாள் விடுப்பு கேட்டபோது, “இப்பத்தானே எடுத்தீங்க?” என்றார்கள். அந்த ‘இப்ப’ கணவருடைய சாவு. அதை விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் “ஆமா” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“நான் வரலை,” என்றாள் மகள் சின்னவள், காலைச் சாப்பாட்டு ரொட்டியை மடித்துக்கொண்டே.

“ரெண்டு நிமிஷ வேலைதான்டி. போய் நிப்போம், படம் எடுப்பாங்க, வந்துடலாம். வீட்டு ஆளுங்க முகத்தை எல்லாம் காட்டினா மெஷினுக்கு வித்தியாசம் புரியுமாம்.”

“மெஷினுக்குப் புரியலைன்னா அது மெஷினோட பிரச்சினை. அதுக்கு நான் எதுக்கும்மா டியூஷன் எடுக்கணும்? நான் அங்க வேலை பார்க்கறேனா? பஸ்லகூட ஏற மாட்டேன், நடந்துதான் காலேஜுக்குப் போறேன்.”

“உன் மூஞ்சிய எடுத்துட்டுப் போய் என்ன பண்ணிடுவாங்க?” என்றான் பெரியவன். “திருடினவனே ரெண்டு நாள்ல கொண்டுவந்து குடுத்துட்டுப் போயிடுவான்.”

“உன் மூஞ்சியே உன்னோடது இல்லைன்னு மெஷின் சொல்லிடுச்சு. நீ பேசாதே.”

வாய் தவறி வந்துவிட்டது. சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியவன் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தான். போட்டிருந்த பொத்தானையே மறுபடி கழற்றிப் போட்டான்.

“அண்ணா, நான் அப்படிச் சொல்லலை...”

“தெரியும், விடு.”

இரண்டு பேருக்கும் நடுவில் அவள் டம்ளர்களை எடுத்து வைத்தாள். சின்னவள் சொல்வது சரியா தப்பா என்று யோசிக்கிற அளவுக்குக்கூட மனசில் இடமில்லை. பையனுக்கு வேலை நிலைக்க வேண்டும். அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

பணிமனை வாசலில் தேங்கிய தண்ணீரில் டீசல் வானவில் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கோ டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம். இத்தனை வருஷத்தில் அவள் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கணவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வாசனை இங்கேதான் இருந்து வந்தது என்பது மட்டும் தெரிந்தது.

பஸ்ஸுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“வாடா ஆப்சென்ட்டு! உங்கப்பன் செத்தும் லீவு போடலை, நீ உசுரோட இருந்தும் வேலைக்கு வரலை. நல்ல குடும்பம்டா!”

சுற்றி இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பின்னால் நிற்கும் அவளைப் பார்த்ததும் அந்தத் தலை அப்படியே நின்றது. “அக்கா... மன்னிச்சுக்குங்க. நீங்க வந்தது தெரியாது.” அவர் எழுந்திருக்கப் போய் பஸ்ஸின் அடிப்பாகத்தில் மண்டையை இடித்துக்கொண்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. கணவர் உயிரோடு இருந்திருந்தால் இந்த ஜோக்குக்கு முதலில் சிரிக்கிறவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

இயந்திரம் சுவரில் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி அளவுக்கு. பெரியவன் வழக்கம்போல அதன் எதிரில் போய் நின்றான். ஏதோ ஒரு மெல்லிய மணி அடித்தது. பச்சை வெளிச்சம் வந்தது.

திரையில் அவர்.

முகத்தைச் சவரம் செய்து, தலையைப் படிய வாரி, எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டு. இயந்திரம் வைத்த புதிதில் எடுத்த படம் போலிருந்தது. வீட்டில் இருக்கும் எந்தப் படத்திலும் அவர் இப்படி இல்லை. பார்த்து முடிப்பதற்குள் போய்விட்டது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப இருந்துடா இப்படி?”

“சேர்ந்த நாள்ல இருந்தே.”

“முதல் நாளே டைம்கீப்பர் மாமாகிட்ட சொல்லியிருந்தா, அவர் அப்பா படத்தை மெஷின்ல இருந்து எடுத்திருப்பாரே. ஏன்டா சொல்லலை?”

அவன் காலால் தரையைத் தேய்த்தான். “உள்ள போலாம்மா. காத்துக்கிட்டு இருப்பாங்க.”

மேலாளர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேலாளர், வருகைப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் டைம்கீப்பர், மடிக்கணினியோடு ஓர் இளைஞர். இளைஞர் அந்த இயந்திரக் கம்பெனிக்காரர். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது பணிமனையாம். அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கெட்டவர் என்று சொல்ல ஒன்றுமில்லை.

டைம்கீப்பர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கணவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், பிள்ளைகளுக்கு மாமா.

“எல்லாம் என் தப்பு தங்கச்சி,” என்றார். “அவன் போனதும் அவன் பேரை நோட்டுல எல்லாம் அடிச்சுட்டேன். மெஷின்ல இருந்து எடுக்கறதுக்கு மட்டும் கை வரலை. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம்னு விட்டுட்டேன். பையனோட படத்தை வேற அவசரத்துல, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிக்க வெச்சு எடுத்தேன். பாதி இருட்டு. மெஷின் பாவம், தெளிவா இருந்த முகத்தைப் பிடிச்சுக்கிச்சு.”

“நீங்க தினமும் பையனைப் பார்த்தீங்கல்ல அண்ணா?”

“பார்த்தேன். நானும் பார்த்தேன், இங்க இருக்கற அத்தனை பேரும் பார்த்தாங்க.”

“அப்புறம் என்ன?”

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நான் நம்பறேம்மா. தலைமை அலுவலகம் நம்பணுமே. அவங்களுக்கு நாங்க சொல்றது பேச்சு. மெஷின் சொல்றதுதான் ஆதாரம். இறந்தவர் பேர்ல யாரோ வந்து போயிருக்காங்க, ஆள்மாறாட்டம்னு எழுதிட்டாங்கன்னா பையன் நிரந்தரம் ஆகறதை மறந்துட வேண்டியதுதான்.”

இளைஞர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். திரையில் திடீரென்று அவளுடைய முகமே தெரிந்தது, சுற்றிலும் ஒரு கட்டத்தோடு.

அவள் சட்டென்று பின்னால் சாய்ந்தாள். “சொல்லிட்டு எடுக்கக் கூடாதாப்பா?”

“இல்லம்மா, சும்மா டெஸ்ட்டுதான்...”

“நான் ரத்தம் எடுக்கறவ. பச்சைக் குழந்தையா இருந்தாலும் ‘இப்பக் குத்தப் போறேன்’னு சொல்லிட்டுத்தான் ஊசியை எடுப்பேன்.”

“சாரிம்மா.” அவர் உண்மையாகவே வெட்கப்பட்டார். கட்டம் மறைந்தது. “மகள் வரலையா?”

“அவ வரலை.”

“பரவாயில்ல. உங்க போன்ல அவங்க படம் இருக்கும்ல? நல்லதா நாலஞ்சு அனுப்பினீங்கன்னா போதும்.”

அவள் கை பைக்குள் போனது. போனை எடுத்தும்விட்டாள். சின்னவளின் படங்கள் நிறையவே இருந்தன: தூங்குகிறது, தலை வாருகிறது, அப்பா தோளில் சாய்ந்திருக்கிறது. நாலு படம். யாருக்குத் தெரியப் போகிறது? காலையில் பட்ட பாடு எல்லாம் இதோடு தீர்ந்துவிடும்.

போனை மறுபடி பைக்குள் போட்டாள்.

“அவ வேணாம்னு சொல்லிட்டாப்பா. என்னை வேணும்னா எடுத்துக்க. அவ படம் அவளோடது.”

இளைஞர் வற்புறுத்தவில்லை. “சரிம்மா, இனிமே குழப்பம் வராம இருக்க வேற வழி பார்க்கலாம். இப்ப முக்கியம் இதுதான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறொரு பக்கத்தைத் திறந்தார். “மெஷின் ஒவ்வொரு தடவையும் எதிர்ல நிக்கறவரைப் படம் எடுத்து வெச்சுக்கும். அப்பா நம்பர்ல வந்து விழுந்த படம் எல்லாமே இங்க இருக்கு. உங்க பையன்தான் நின்னாருங்கறதுக்கு இதைவிட ஆதாரம் வேணாம். ஆனா இறந்தவரோட பதிவு. குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்து இல்லாம தலைமை அலுவலகத்துக்கு அனுப்பக் கூடாது. நீங்க கையெழுத்துப் போட்டா அனுப்பிடுவேன். வேணாம், அழிச்சிடுங்கன்னாலும் அழிச்சிடுவேன்.”

“அழிச்சா?”

“ஆதாரமும் போயிடும்.”

அவர் பேசிக்கொண்டே திரையை மேலே தள்ளிக்கொண்டு போனார். பெரியவன், பெரியவன், பெரியவன். தூக்கக் கலக்கத்தில், மழையில் நனைந்து, கொட்டாவியோடு. அதற்கு மேலே போனதும் முகம் மாறியது. வயசான, களைத்த முகம். அவர்.

“இதெல்லாம் பழசு. எல்லாம் ஒரே நம்பர்ல இருக்கறதால சேர்ந்தேதான் போகும். வந்தது, போனது, எல்லாம். பாருங்க, எவ்வளவு துல்லியமா இருக்கு! இந்த வரிசையைப் பார்த்தீங்களா? வியாழக்கிழமை ஆனா மதியம் வெளிய போயிடறாரு. மாசக்கணக்கா. திரும்பி வர்றதுக்கு...”

“மூடுப்பா.”

“இல்லம்மா, சும்மா சொன்னேன்...”

“மூடுன்னு சொல்றேன்ல.”

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இளைஞர் மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

வியாழக்கிழமைகளில் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வரும். கேட்டால் பசிக்கவில்லை என்பார். அவளும் சமையலைத்தான் குறை சொல்கிறார் என்று இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறாள். வாழ்ந்த காலத்தில் அவர் சொல்லாத ஒன்றை, ஜலதோஷம் பிடித்த ஒரு பிள்ளை ஒரு விரலால் தள்ளித் தள்ளிச் சொல்லிவிட்டான். நாளைக்குத் தலைமை அலுவலகத்தில் யார் யாரோ டீ குடித்துக்கொண்டே இதைப் பார்ப்பார்கள். எங்கே போயிருப்பான் கிழவன் என்று கண்ணடிப்பார்கள்.

“அழிச்சிடும்மா,” என்றான் பெரியவன். அவனும் பார்த்துவிட்டான். “வேற வேலை கிடைக்கும்.”

“வேலையை வெச்சுக்கிட்டு உனக்காகக் காத்திருக்காங்களா?”

அவளுக்கே அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. கையெழுத்துக்காக இளைஞர் கொடுத்திருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள். பிறகு, ஏதோ பாரம் தூக்கிக்கொண்டு நடப்பவள் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அவர் போன நாள் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி இருக்கறது அவரோடது. பின்னாடி இருக்கறது என் பையனோடது. பின்னாடி இருக்கறதை அனுப்பு. முன்னாடி இருக்கறதை யாரும் பார்க்காம அழிச்சிடு. அப்படின்னா கையெழுத்துப் போடறேன்.”

“அந்த மாதிரி பிரிக்க முடியாதும்மா. மொத்தமாத்தான் வரும்.”

“முடியாதா தம்பி, இல்ல வேலை ஜாஸ்தியா?” என்றார் டைம்கீப்பர்.

இளைஞர் இரண்டு தும்மல் போட்டார். “...எஞ்சினியரைக் கேட்கணும். சாயங்காலம் சொல்றேன்.”

வீட்டுக்கு வந்ததும் சின்னவளிடம் எல்லாம் சொன்னாள். போனை எடுத்ததையும் மறைக்கவில்லை. சின்னவள் அம்மாவின் தோளில் நெற்றியை ஒரு முறை முட்டிவிட்டுப் போனாள். ஆனால் வியாழக்கிழமை என்றதும் மகளின் முகம் மாறியது.

“அதை அனுப்ப விடாதேம்மா,” என்றாள். “அதுல கேவலமா ஒண்ணும் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா அனுப்பாதே.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

சின்னவள் தரையைப் பார்த்தாள்.

“நீயா போய்ப் பார்த்தியா, அவர் சொன்னாரா?”

“அவர்தான் சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னாரு.” சின்னவள் நிமிர்ந்தாள். “உன்கிட்ட சொல்லிடறேம்மா. எனக்கும் தாங்கலை.”

அவளுக்குள் ஏதோ எகிறிக்கொண்டு வந்தது. பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் இல்லை. கேட்டுவிடலாம், ஒரு வாக்கியம்தானே என்று இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னைக்கு வேணாம்டி,” என்றாள். “தெரிஞ்சுக்கணும்னுதான் இருக்கு. பொய் சொல்லலை. ஆனா அந்தக் கம்பெனிப் பையன் திறந்து வெச்ச கதவு வழியா நான் உள்ள வர மாட்டேன். கொஞ்ச நாள் போகட்டும்.”

போன் அடித்தது. டைம்கீப்பர்.

“தங்கச்சி, பிரிக்கலாமாம். எஞ்சினியர் ஒத்துக்கிட்டாரு. அவன் போன நாள் மதியம்னு கோடு போட்டுட்டோம். முன்னாடி இருக்கறதை என் கண்ணு முன்னாலயே அழிக்கறேன்னு அந்தக் கம்பெனிப் பையன் சொல்றான்.” அவர் தயங்கினார். “ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. அன்னைக்கு சாயங்காலம் ஒரு பதிவு இருக்கு.”

“என்னைக்கு?”

“அவன் போன அன்னைக்குத்தாம்மா. உயிர் போனது மதியம். சாயங்காலம் பச்சை காட்டியிருக்கு. அவன் நம்பர்ல. படத்தைத் திறக்கலை. உன்னைக் கேட்காம திறக்க வேணாம்னு சொல்லிட்டேன். பையன் அப்ப இங்க வேலையில சேரக்கூட இல்லையே?”

அவள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாள், யாரிடம் என்று இல்லாமல்.

வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“அது நான்தாம்மா.”

“நீயா?”

“அப்பாவோட பையும் டப்பாவும் அங்கேயே இருக்குன்னு என்னை அனுப்பினியே. நினைவிருக்கா? வாசல்ல யாரும் இல்ல. எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல டிங்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா அப்பா.” அவன் கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். “பச்சை வெளிச்சத்துல சிரிச்சுக்கிட்டு இருக்காரு. ஆஸ்பத்திரில தப்பா சொல்லிட்டாங்க, அப்பா உள்ளதான் இருக்காருன்னு நினைச்சேம்மா. ஒரு நிமிஷம் நிஜமாவே நினைச்சேன். உள்ள ஓடிப் போய் ஒவ்வொரு பஸ்ஸா குனிஞ்சு பார்த்தேன்.”

சின்னவள் அவன் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

“அப்புறம் அங்கேயே வேலை கிடைச்சது. முதல் நாள் அது எதிர்ல நிக்கறேன், மறுபடியும் அவர் வராரு. சொன்னா அவரை மெஷின்ல இருந்து எடுத்துடுவாங்க இல்லையா? அதான் சொல்லலை.”

“தங்கச்சி?” என்றது போன். “இருக்கியா? அந்த ஒண்ணை என்ன பண்ணட்டும்? அதைத் திறந்து பார்த்து அனுப்பறதா, அழிக்கறதா?”

அவள் போனை மகனிடம் நீட்டினாள்.

“என்னம்மா?”

“உன் மூஞ்சி. நீயே சொல்லு.”

அவன் போனை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். கொஞ்ச தூரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, “மாமா...” என்று ஆரம்பித்தான்.

“என்ன சொல்றான்னு கேட்கலையாம்மா?” என்றாள் சின்னவள்.

அவள் சமையலறைக்குள் போனாள். தொட்டியில் காலை டம்ளர்கள் அப்படியே கிடந்தன. குழாயைத் திறந்தாள். அப்போதும் ஜன்னல் வழியாக அவன் குரல் வந்தது. சொற்கள் பிரிந்து கேட்கத் தொடங்கின.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.